காக்கை கொத்தினால் கூட்டைக் கலைப்பதா?

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அதைக் கேலிக்குத்தான் சொல்வார்கள். தன் பிள்ளையைத் தாய் ஒருத்தி அளவுக்கு மீறி மெச்சிக்கொண்டால், அண்டை வீட்டார் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு சொல்லும் சொல் அது. கேலியை நீக்கிவிட்டு அப்பழமொழியை உள்ளபடியே எடுத்துக்கொண்டால், பறவையியல் அறிஞர்கள் பல பக்கங்களில் எழுதியிருப்பதை அது ஐந்தே சொற்களில் சொல்லிவிடுகிறது என்பது எங்கள் எண்ணம்.

அன்புத் தோழியரே, இந்த ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் நம் பள்ளி முழுவதும் காக்கைப் பேச்சாகவே இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சைக்கிள் கொட்டகையை ஒட்டிய வேம்பில் ஒரு கூடு. அதன் கீழே போனவர்களின் பின்தலையில் 'சடார்' என்று ஓர் அடி. மூன்று நாட்களில் ஆறு பேர் அடிபட்டார்கள். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பயந்து ஓடியதில் சரளைக் கல்லில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அவளுடைய அம்மா வந்து வருத்தப்பட்டுச் சென்றார்கள். மறுநாள் காலை மரம் ஏறும் அண்ணாச்சி ஒருவர் அரிவாளுடன் வந்தார். கிளை விழுந்தது. கூடும் விழுந்தது. அதற்குள் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்று விழுந்தவுடனே இறந்துவிட்டது. மற்றொன்றை எட்டாம் வகுப்பு மாணவியர் அட்டைப் பெட்டியில் வைத்துச் சோறு ஊட்டிப் பார்த்தார்கள். மாலை மணி அடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. எலியா இறைவாக்கினருக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்ததை மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் படித்ததும் அதே வாரத்தில்தான்.

"ஒழிந்தது தொல்லை" என்று எங்கள் வகுப்பிலேயே பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை அற்பமானது என்று தள்ளிவிட முடியாது. காக்கையின் அலகு கண்ணில் பட்டால் என்ன ஆவது? ஒரு பெண்ணின் கண் பெரிதா, இரண்டு காக்கைக் குஞ்சு பெரிதா? இப்படிக் கேட்டால் யாராலும் ஒரு விடைதான் சொல்ல முடியும். ஆனால் கேள்வியே தவறாக அமைந்திருக்கிறது என்கிறோம் நாங்கள். கூட்டைக் கலைத்தால் கொத்துவது நின்றுவிடும் என்றால்தான் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. நின்றதா?

கிளை விழுந்த சிறிது நேரத்திற்குள் எங்கிருந்தோ முப்பது, நாற்பது காக்கைகள் கூடிவிட்டன. அன்று இரண்டாம் பாடவேளையில் ஆசிரியை சொன்னது எங்கள் யார் காதிலும் விழவில்லை. அதற்குப் பின் நான்கு நாட்கள் சைக்கிள் எடுக்கப் போனவர்கள் குடையை விரித்துக்கொண்டுதான் போனார்கள். மரம் வெட்டிய அண்ணாச்சியின் பாடுதான் பெரும்பாடு. அவர் தண்ணீர்த் தொட்டி வேலைக்காக அடுத்த வாரம் வந்தபோது, வாசலில் அவரைக் கண்டதுமே இரண்டு காக்கைகள் கத்திக்கொண்டு கிளம்பிவிட்டன. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தும் விடவில்லை. அவருடன் வந்த மற்றவரை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை! "இதுக்கு என்னைய நல்லாத் தெரியுது தாயீ" என்று அவர் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னது வேடிக்கைப் பேச்சன்று. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்திலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ஆம் ஆண்டில் ஒரு சோதனையைத் தொடங்கினார். குகை மனிதன் முகம் போன்ற ஒரு முகமூடியை அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியை யார் அணிந்து சென்றாலும் காகங்கள் கூடிக் கத்தின. வேறு முகமூடி அணிந்து சென்றவரை ஒன்றும் செய்யவில்லை. வியப்பு என்னவென்றால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த முகத்தைக் கண்டு கத்தும் காகங்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. பிடிபடாத காகங்களும் குஞ்சுகளும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அப்படியானால் கூட்டைக் கலைப்பவர் ஒரு பகையை முடிக்கவில்லை, ஒரு பகையைத் தொடங்கி வைக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

சரி, காக்கை ஏன் கொத்துகிறது? ஆண்டு முழுவதும் அதே வேம்பில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. நம் மதிய உணவுச் சோற்றைப் பொறுக்கித் தின்கிறது. அப்போதெல்லாம் நாம் கையை ஓங்கினால் அதுதான் பறந்து ஓடுகிறது. முட்டையிட்ட பிறகுதான் அதற்கு இந்த வீரம் எல்லாம். காக்கை ஏறக்குறைய 16, 17 நாட்கள் அடைகாக்கும். குஞ்சுகள் கூட்டில் மூன்று, நான்கு வாரம் இருக்கும். குஞ்சுகள் இறகு முளைத்து, பறக்கவும் தெரியாமல் கூட்டில் இருக்கவும் பிடிக்காமல், கிளையிலும் தரையிலும் தத்தித் திரியும் சில நாட்களில்தான் பெற்றவை மிகவும் ஆவேசமாக இருக்கும். அந்த நாட்கள் கடந்துவிட்டால் அதே காக்கை மறுபடியும் நம்மைக் கண்டு ஓடும் பழைய காக்கையே. கூட்டைக் கலைத்தால் என்ன ஆகிறது? அது மறுபடியும் சுள்ளி பொறுக்குகிறது, மறுபடியும் முட்டையிடுகிறது, மறுபடியும் அடைகாக்கிறது. இன்னும் இரண்டு வாரத்தில் தானாக முடிந்திருக்க வேண்டியதை நாமே ஆகஸ்டு வரை நீட்டிக்கொள்கிறோம். நம் பள்ளியில் நடந்ததும் அதுவே. ஜூலையில் குழாயடிப் பூவரசில் புதுக் கூடு எழும்பியதை எல்லாரும் பார்த்தோம். அதில் சுள்ளியை விடக் கம்பி அதிகமாக இருந்தது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காக்கையின் கூட்டில் குயிலின் முட்டையும் இருக்கலாம். அதிகாலையில் குயில் கூவுவதைக் கேட்டு 'ஆகா' என்கிறோம். அந்தக் குயில் தனக்கென்று கூடு கட்டுவதில்லை. ஆண்குயில் முன்னே வந்து காக்கையைச் சீண்டி விரட்ட வைக்க, பெண்குயில் அந்த நேரத்தில் வந்து முட்டையிட்டுப் போய்விடுவதும் உண்டு. இப்படி ஏமாற்றப்படும் தாய் கூட்டருகே யார் வந்தாலும் ஐயப்படாமல் என்ன செய்யும்? காக்கைக் கூடு வேண்டாம், குயில் பாட்டு மட்டும் வேண்டும் என்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

உதவப் போனவரையும் காக்கை கொத்தும். விழுந்த குஞ்சைத் தூக்கிக் கிளையில் வைக்கப் போனதற்குத் தலையில் குட்டு வாங்கியவள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறாள். நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் காக்கையினத்தைச் சேர்ந்த சிறு பறவைகளைத் தம் வீட்டில் வளர்த்தார். அவரோடு மிகவும் பழகிய அப்பறவைகளே, ஒரு நாள் அவர் பையிலிருந்து நீச்சலுக்கான கருப்புத் துணியை எடுத்தபோது, அவர் கையைச் சூழ்ந்துகொண்டு கொத்தின. கையில் கருப்பாக ஏதோ தொங்கினால் அது தம் இனத்தில் ஒன்றைப் பிடித்த கை என்று அவற்றின் உள்ளுணர்வு சொல்லிவிடுகிறது. நெடுநாள் நட்பு அந்த நேரத்தில் குறுக்கே நிற்பதில்லை. இதை நன்றி கெட்ட செயல் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

இக்கட்டுரைக்காக வகுப்பில் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தோம். காக்கையைத் தவிர வேறு பறவைகளிடமும் 'வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்' இத்தனை பேரா என்று வியந்தோம். இலஞ்சியிலிருந்து வரும் தோழி, வயல் வரப்பில் போகும்போது ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டு பாய்ந்து பாய்ந்து வந்ததைச் சொன்னாள். அது தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும் பறவை. முட்டையும் கல்லைப் போலவே இருக்கும். மிதித்துவிடப் போகிறாளே என்றுதான் அத்தனை கூச்சல். மேலகரத்துத் தோழி வீட்டுத் தென்னையில் கரிச்சான் கூடு கட்டியிருந்தது. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்கிறோமே, அதுதான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் காக்கையையும் முதுகில் கொத்தி ஊர் எல்லை வரை துரத்தும். அதனாலேயே சாதுவான சிறு பறவைகள் சில, அது கூடு கட்டிய மரத்தில் அல்லது பக்கத்து மரத்தில் தாமும் கூடு கட்டிக்கொள்கின்றன. முரட்டு அண்ணன் குடியிருக்கும் தெருவில் நாம் பயமின்றி நடப்பது போல! மற்றொரு தோழியின் தந்தையார் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினால் போதும், கொண்டைக்குருவி ஒன்று வந்து பக்கக் கண்ணாடியை அரை மணி நேரம் கொத்துமாம். கண்ணாடிக்குள் வேறொரு குருவி தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டதாக அதற்கு எண்ணம். மயிலும் இப்படிக் கார்க் கண்ணாடியைக் கொத்துவதுண்டு. கண்ணாடி மேல் ஒரு பழந்துணியைப் போட்டு மூடினால் சண்டை முடிந்துவிடும்.

மயிலைப் பற்றிப் பேசினால் எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடும். கடலையும் நெல் நாற்றும் மயிலுக்குப் போகிறது என்று உழவர் வீட்டுப் பெண்கள் கோபமாகச் சொல்கிறார்கள். 1963 முதல் தேசியப் பறவை என்பதால் அவர்கள் நட்டம் நட்டமில்லை என்று ஆகிவிடாது. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று நாம் மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். பேகன் மன்னன், அவனுக்கு இன்னொரு போர்வை இருந்திருக்கும். அந்த வழக்கை அவர்களே தனிக் கட்டுரையாக எழுதட்டும்.

இனி அன்பு காட்டும் பறவைகளைப் பற்றி. கொத்தும் பறவையைக் கெட்டது என்கிறவர்கள், தோளில் வந்து உட்காரும் பறவையைக் கண்டால் உருகிப்போகிறார்கள். குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த தோழி ஒருத்தி வீட்டில் ஒரு மைனா வளர்ந்தது. கண் திறக்காத குஞ்சாக விழுந்ததை எடுத்து வளர்த்தார்கள். கூண்டு இல்லை. ஆனாலும் அது வெளியே போய்விட்டு மாலையில் அவள் தோளுக்கு வந்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு பாசம்!" என்பார்கள். சீசன் கூட்டத்தில் ஒரு நாள் அது முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் போய் உட்கார்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு போயே போய்விட்டார். மனிதரைக் கண்டு அஞ்சத் தெரியாமல் வளர்ந்ததே அதற்கு வினையாயிற்று.

உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டத்தில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பலரும் பார்த்திருப்பீர்கள். 2022-இல் கால் ஒடிந்து கிடந்த சாரசக் கொக்கு ஒன்றை ஓர் உழவர் கட்டுப் போட்டுக் குணமாக்கினார். குணமான பின்பும் அது போகவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் போனால் அதுவும் மேலே பறந்து வந்தது. ஆளுயரக் கொக்கு! 2023 மார்ச்சில் வனத்துறையினர் அதைப் பறவைகள் சரணாலயத்திற்குக் கொண்டு சென்றனர். அது அங்கே நிலைகொள்ளாமல் அலைந்ததால் கான்பூர் விலங்குக்காட்சிசாலைக்கு மாற்றினார்கள். அவர் பார்க்கப் போனபோது கூண்டுக்குள் அது குதித்த குதியைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் எங்கள் வீடுகளிலும் உண்டு. சட்டம் கல்நெஞ்சுடையது என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை நாம் வைத்திருக்கக் கூடாது. அன்புடன் வைத்திருக்கிறேன் என்று எல்லாரும் சொல்லலாம், கூண்டுக் கிளிக்காரரும் அதைத்தான் சொல்கிறார். எனினும் ஒன்று கேட்கிறோம். குணமாக்கியவரையும் சிறகை வெட்டிக் கூண்டில் அடைத்தவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா? கான்பூர்க் கூண்டு அந்தக் கொக்குக்கு எந்த வகையில் காடாகும்? இதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.

கூண்டுக் கிளியைப் பற்றி மட்டும் ஒத்த கருத்து உண்டு. வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் சேகர் என்பவர் தம் மொட்டை மாடியில் பல ஆண்டுகள் ஊறவைத்த அரிசியைப் பலகைகளில் பரப்பி வைத்தார். ஆயிரக்கணக்கான கிளிகள் வந்து தின்றுவிட்டுப் பறந்து போயின. ஒன்றையும் அவர் பிடிக்கவில்லை. கிளிகள் அரிசிக்காகத்தான் வந்தன. அவர் அதற்காக அரிசி போடுவதை நிறுத்திவிடவில்லை.

குற்றாலம் என்றதும் எங்களுக்கு இன்னொரு பறவை நினைவுக்கு வருகிறது. சாரல் காலத்தில் விடியற்காலையில் ஐந்தருவிப் பக்கம் போனவர்கள், யாரோ ஒரு பையன் பாட்டை மறந்து மறந்து சீட்டியடிப்பது போன்ற ஓசையைக் கேட்டிருப்பார்கள். அதுதான் சீகாரப் பூங்குருவி. கருநீலப் பறவை. அருவியோரப் பாறை இடுக்கில் கூடு கட்டும். நாம் குளிக்கக் கூட்டங்கூட்டமாய்ப் போகும் அதே சாரல் மாதங்கள்தான் அதற்குக் குஞ்சு பொரிக்கும் மாதங்கள். அது நம்மைக் கொத்துவதுமில்லை, கொஞ்சுவதுமில்லை. ஆகவே அது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை! மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் தம் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்க அலைவதைப் பாடியிருக்கிறார். சிங்கனுக்குச் சிங்கியின் நினைவு வந்துவிட, பறவைகள் தப்பித்துவிடுகின்றன. தமிழாசிரியை அந்தப் பகுதியை விளக்கியபோது எல்லாரும் சிங்கனுக்காக வருந்தினார்கள். நாங்கள் மட்டும் உள்ளூர மகிழ்ந்தோம்.

"பறவைக்காக மனிதர் விட்டுக்கொடுக்க முடியுமா? இதெல்லாம் ஏட்டில்தான்" என்று ஒரு தோழி வாதாடினாள். நம் பக்கத்து மாவட்டத்திலேயே நாங்குநேரி அருகில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆனால் அரசு அறிவிக்கும் முன்பே ஊர் அறிவித்துவிட்டது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே குளத்து மரத்தில் மட்டும் அல்ல, வீட்டுக் கொல்லை மரத்திலும் தெரு மரத்திலும் கூடு கட்டுகின்றன. அந்த எச்சத்தின் நாற்றம் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊர் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகிறது என்பது உண்மைதான். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்களே, அதற்கு எந்த உரம் ஈடாகும்? அந்த ஊர்ப் பால்பாண்டியும் அவர் மனைவியும் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டவர்கள். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ஆம் ஆண்டு தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் சிறு குருவி ஒன்று முட்டையிட்டது. அது குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. இருட்டில் நடப்பது பெண்களுக்கு எளிதா? அவர்களும்தான் சம்மதித்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் மேக்பை என்ற கருப்பு வெள்ளைப் பறவை ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சைக்கிளில் போகிறவர்களின் தலையைக் குறிவைத்துப் பாய்கிறது. நம் காக்கை அதனிடம் பாடம் கேட்கவேண்டும்! அங்கேயும் கண்ணில் காயம்பட்டவர்கள் உண்டு. ஆனால் எல்லா மேக்பைகளும் பாய்வதில்லை, மிகச் சிலவே பாய்கின்றன. ஆகவே அவை இருக்குமிடத்தில் நகராட்சியினர் "பறவை பாயும், வேறு வழியே செல்க" என்று பலகை வைக்கிறார்கள். பிள்ளைகள் தலைக்கவசத்தின் பின்புறம் கண் வரைந்துகொள்கிறார்கள்.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்? குழாயடிப் பூவரசுக் கூட்டுக்கு நாங்களே செய்து பார்த்தோம். சிஸ்டரிடம் அனுமதி பெற்று மரத்தைச் சுற்றிப் பதினைந்து அடிக்குக் கயிறு கட்டினோம். சாக்பீஸால் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். தண்ணீர் பிடிக்க மூன்று வாரம் சமையலறைக் குழாய்க்குப் போனோம். அவசரத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் குடை விரித்துக்கொண்டார்கள். சாரல் காலத்தில் குடை இல்லாத தென்காசிப் பெண் உண்டா? காக்கை பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும், திரும்பி நின்று அதைப் பார்த்தால் தயங்கும் என்று கண்டுகொண்டோம். அந்த மூன்று வாரத்தில் கொத்து வாங்கியது ஒருத்திதான். அவள் கயிற்றைத் தாண்டிப் போய் எட்டிப் பார்த்தவள்! குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன. ஒன்று காக்கை, மற்றது குயில் என்று சிலர் சாதிக்கிறார்கள்.

காக்கையைத் தீங்கு செய்யும் உயிர் என்று எலியோடு சேர்த்து நம் நாட்டுச் சட்டமே ஒரு பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. பட்டியல் போனாலும் நம் வழக்கம் போகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்குமுன் மே மாதத்தில்தான் மரங்களைக் கழிக்க ஆள் சொல்கிறார்கள். வேம்பிலும் பூவரசிலும் முட்டையும் குஞ்சும் இருக்கும் மாதம் அதுவே. மழை ஓய்ந்த தை மாதத்தில் கிளைகளைக் கழித்துவிட்டால் காக்கை வேறு இடம் பார்த்துக்கொள்ளும். கொட்டகைக்கு மேலே கிளையே இல்லை என்றால் அங்கே கூடு ஏது, கொத்து ஏது? இதைத் தலைமைச் சகோதரியிடம் மனுவாக எழுதி, எங்கள் வகுப்பில் 38 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்திடாத நால்வரில் மூவர் மயில் கட்சியைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டு நாங்கள் எந்தப் பள்ளியில் இருப்போமோ தெரியாது. ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் மனுவின் நகலை வாங்கி வைத்திருக்கிறார்கள், கயிறும் அவர்களிடமே இருக்கிறது.